நன்றி சொல்லும் உரிமை

2014 ஜனவரி 25 இரவு, மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓபன் மகளிர் ஒற்றையர் இறுதியில் ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவாவை 7-6, 6-0 என்று வென்றுவிட்டு லீ நா ஒலிவாங்கிக்கு முன் வந்தார். அடுத்த மாதம் அவருக்கு 32 வயது. முதல் நன்றி ஏஜெண்டுக்கு, தன்னைப் பணக்காரியாக்கியதற்காக. அரங்கம் சிரித்தது. அடுத்தது கணவர் ஜியாங் ஷானுக்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன்னோடு ஊர் ஊராக அலைவதற்கும், பயிற்சியில் எதிரே நின்று பந்தடிப்பதற்கும், குடிக்கக் கலந்து தருவதற்கும், ராக்கெட்டைச் சரிசெய்து வைப்பதற்கும் நன்றி சொன்னார். நீ நல்ல ஆள்தான், ஆனாலும் நான் கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்ற பொருளில் ஒரு வரியும் சேர்த்தார். சிரிப்பு இன்னும் பெரிதானது. பயிற்சியாளருக்கும் போட்டியை நடத்தியவர்களுக்கும் நன்றி வந்தது. சீனாவுக்கு வரவில்லை.

மேடை நன்றியைச் சம்பிரதாயம் என்று நாம் காதில் வாங்காமல் விட்டுவிடுவோம். சீன விளையாட்டு உலகம் அப்படி விடுவதில்லை. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தளச் சறுக்கோட்டத்தின் 1500 மீட்டர் பிரிவில் சோவ் யாங் தங்கம் வென்றபோது அவருக்கு 18 வயது. இந்தப் பதக்கம் தன் அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம் நல்ல வாழ்க்கையைத் தரும் என்று சொன்னார். அடுத்த மாதமே விளையாட்டுத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் அதை ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேசினார். பெற்றோருக்கு நன்றி சொல்வதில் தவறில்லை, ஆனால் முதலில் நாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய குறை. நன்றிக்கும் ஒரு வரிசைமுறை உண்டு. அந்த வரிசையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை வென்றவர் தீர்மானிக்க முடியாது.

லீ நாவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக எண்ணிக்கைகளிலிருந்து தொடங்குவார்கள். 2011இல் பிரெஞ்சு ஓபன். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆசிய வீராங்கனை. 2014இல் ஆஸ்திரேலிய ஓபன். ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 9. உலகத் தரவரிசையில் 2ஆம் இடம். கோட்டை ஒட்டித் தட்டையாகச் சீறும் அந்த இரட்டைக்கை பேக்ஹேண்டை நேரலையில் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் குறைவாகக்கூடத் தோன்றலாம். எனக்கு அவருடைய வாழ்க்கை வேறொரு பேரேடாகத் தெரிகிறது. ஒரு பெண்ணின் வெற்றியில் யார் யாருக்குப் பங்கு, அவர் யார் யாருக்குக் கடன்பட்டவர், அந்தக் கடனை எந்த மொழியில் அடைக்க வேண்டும் என்று பல கைகள் எழுதிப் பார்த்த பேரேடு.

அதில் முதல் பெயர் அப்பாவுடையது. வூஹானில் வாழ்ந்த அவர் ஒரு பேட்மின்டன் வீரர். கலாச்சாரப் புரட்சி அவருடைய ஆட்டத்தைப் பாதியில் முறித்தது. தான் விட்ட இடத்திலிருந்து மகள் தொடரட்டும் என்று சிறு வயதிலேயே அவளைப் பேட்மின்டன் பயிற்சிக்கு அனுப்பினார். சிறுமி மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளிலிருந்து வீசி அடித்தாள். பேட்மின்டனுக்கு அது குறை. டென்னிஸுக்கு நல்ல அறிகுறி. பயிற்சியாளர்கள் அவளை டென்னிஸுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வூஹானில் சாதாரணக் குடும்பங்கள் பலவும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததுகூட இல்லை. 1988இல்தான் டென்னிஸ் முழுமையான பதக்க விளையாட்டாக ஒலிம்பிக்குக்குத் திரும்பியிருந்தது. பதக்கம் உண்டென்றால் அதற்கு ஆள் தயாரிக்க வேண்டும் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்குக்குள் ஒரு குழந்தையின் தோள் போய்ச் சேர்ந்தது.

மாகாண அணியில் அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் யூ லி-சியாவ் என்ற பெண்மணி. திட்டுதான் அங்கே கற்பிக்கும் முறை. பல ஆண்டுகள் அவரிடம் ஆடியும் மனம் திறந்த ஒரு பாராட்டைக் கேட்டதில்லை என்று லீ நா பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். 14 வயதில் வெளியூரில் ஒரு போட்டியில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். நோயின் தீவிரத்தை வீட்டார் மகளிடம் மறைத்திருந்தார்கள். மருத்துவச் செலவு கடனாக நின்றது. அதற்குப் பிறகு ஆட்டத்தில் வந்த பணம் அந்தக் கடனுக்குப் போனது. பிடித்து ஆடிய ஆட்டம் இல்லை அது. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை.

அரசின் பங்கையும் நியாயமாகவே எழுத வேண்டும். களம், ராக்கெட், பந்து, தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாம் அரசுடையவை. பிற நாடுகளில் ஒரு பெண் டென்னிஸில் நிலைபெற வேண்டுமென்றால் பெற்றோர் வீட்டை அடமானம் வைக்கிறார்கள், அல்லது பணக்காரப் பெற்றோருக்குப் பிறந்திருக்க வேண்டும். சீனாவில் பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டது. பதிலுக்குப் பரிசுப் பணத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு டென்னிஸ் நிர்வாகத்துக்குப் போனது. யார் பயிற்சியாளர், எந்தப் போட்டி, ஒற்றையரா இரட்டையரா என்பதையும் நிர்வாகமே முடிவுசெய்தது. நம் பக்கம் நிலத்தை வாரத்துக்கு விடும் வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். விதையும் நீரும் உடைமைக்காரர் தருவார், உழுதவர் களத்துமேட்டில் பங்கு அளந்து கொடுப்பார். ஒரு வித்தியாசம்: இங்கே உழப்படும் நிலமே உழுபவரின் உடல். மூன்று போகம் எடுத்த பிறகு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆறவிடலாம். முழங்காலை அப்படி விட முடியாது.

2002இன் இறுதியில், 20 வயதில், தேசிய அணியின் விடுதி மேசையில் ஓய்வுக் கடிதத்தை வைத்துவிட்டு லீ நா வெளியேறினார். காரணங்களை அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். மாதவிடாய்க் காலத்திலும் ஆடுவதற்காக ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சக வீரர் ஜியாங் ஷானோடு இருந்த காதலை மேலிடம் விரும்பவில்லை. விளைச்சலில் மட்டுமல்லாமல் உடலின் மாதக் கணக்கிலும் மனதின் விருப்பத்திலும் பங்கு கேட்கும் இடத்துக்கு ஏற்பாடு வந்துவிட்டது. இருவரும் வூஹானில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். லீ நா எடுத்த பாடம் இதழியல். வகுப்புக்குப் போனார், சாதாரண மாணவியாக இருந்தார். அணியிலிருந்து கிளம்பியதைவிட இந்தச் சாதாரண நாட்கள்தான் பெரிய மீறல் என்று எனக்குப் படுகிறது. எந்தப் பேரேட்டிலும் எழுத ஒன்றுமில்லாமல் இருப்பது எப்படி என்பதை அவர் அங்கே ஒரு முறை அனுபவித்துவிட்டார்.

2004இல் அவரைத் திரும்ப அழைத்தவர் சுன் ஜின்ஃபாங். பழைய கைப்பந்து நட்சத்திரம், அப்போது தேசிய டென்னிஸ் நிர்வாகத்தின் தலைவர். அணிக்காக வேண்டாம், உனக்காக ஆடு என்கிற பொருளில் அவர் பேசியதாகச் சொல்லப்படுகிறது. திரும்பி வந்த அதே ஆண்டு லீ நா குவாங்சோவில் டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம் வென்றார். சீனப் பெண் ஒருவருக்கு அது முதல் முறை. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த 2008இன் இறுதியில் அதே சுன் ஜின்ஃபாங்தான் லீ நா, ஜெங் ஜீ, பெங் ஷுவாய், யான் ஸீ ஆகிய நான்கு பெண்களை நிர்வாகப் பிடியிலிருந்து விடுவித்தார். தனித்துப் பறத்தல் என்று சீனப் பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன. இனி பயிற்சியாளரை அவர்களே அமர்த்திக்கொள்வார்கள், அட்டவணையை அவர்களே போடுவார்கள். நிர்வாகத்துக்குத் தருவது 8 முதல் 12 விழுக்காடு. விமான டிக்கெட்டும் பயிற்சியாளர் சம்பளமும் உடற்சிகிச்சை நிபுணரின் கூலியும் இனி அவரவர் பொறுப்பு.

சந்தை உடனே வந்தது. 2011 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் வோஸ்னியாக்கிக்கு எதிராக ஒரு மேட்ச் பாயிண்டைத் தாண்டி வென்ற பிறகு, மூன்றாவது செட்டில் உங்களைத் தாங்கிப்பிடித்தது எது என்று கேட்டார்கள். பரிசுப் பணம் என்றார். முந்தைய இரவு கணவரின் குறட்டையால் தூங்கவில்லை என்றும் சொன்னார். கிம் கிளைஸ்டர்ஸிடம் அந்த இறுதியை இழந்தாலும், ஜூன் 4 அன்று பாரிஸில், பிரெஞ்சு ஓபன் இறுதியில், நடப்புச் சாம்பியன் பிரான்செஸ்கா ஸ்கியவோனியை 6-4, 7-6 என்று வீழ்த்தினார். டைபிரேக்கில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. சீனாவில் 11 கோடியே 60 லட்சம் பேர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு போர்ப்ஸ் பட்டியலின்படி அவருடைய வருமானம் 1 கோடியே 84 லட்சம் டாலர்; பெண் விளையாட்டு வீரர்களில் ஷரபோவாவுக்கு அடுத்த இடம். அரசு விட்ட இடத்தில் நிறுவனங்கள் வந்து அமர்ந்தன, சட்டைக் கைகளில் சின்னங்களாக. நிறுவனமும் ஒரு பங்காளிதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஆரம்பமும் முடிவும் தேதியிட்டு எழுதியிருக்கும். முடியும் நாளும் அடைக்க வேண்டிய தொகையும் தெரிந்த கடனைக் கேலி செய்ய முடியும். ஏஜெண்டுக்கு அவர் சொன்ன நன்றி அதனால்தான் அவ்வளவு லேசாக ஒலித்தது. நாட்டுக்கான நன்றிக்கு அந்த வசதி இல்லை. தொகை எழுதாத பத்திரம் அது.

பார்வையாளர்களும் பங்கு கேட்டார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீனஸ் வில்லியம்ஸை வென்று அரையிறுதிக்கு வந்தார். சஃபினாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில், புள்ளிக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த சொந்த நாட்டுக் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடச் சொன்னார். 2011 மெல்போர்ன் இறுதியில் நடுவரிடம் போய், எனக்கு டென்னிஸ் சொல்லித்தர வேண்டாமென்று அந்தச் சீனர்களிடம் சொல்லுங்கள் என்று முறையிட்டார். 2013 பிரெஞ்சு ஓபனில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றபோது சீனச் செய்தியாளர் ஒருவர், ரசிகர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஓர் ஆட்டத்தில் தோற்றதற்காக அவர்கள் முன் மண்டியிட வேண்டுமா என்று லீ நா திருப்பிக் கேட்டார். அரசு ஊடகங்கள் அவரைக் கடிந்துகொண்டன. அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் பார்வையாளர் வரிசையில் இருந்த கணவரையே களத்திலிருந்து திட்டியவர் அவர். பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து கணவரை நீக்கவும் செய்தார். இனிமையான போராளி என்ற சட்டகம் அவருக்குப் பொருந்தாது. பொருந்தாததே நல்லது. மரியாதையாகப் பேசுபவர்களுக்கு மட்டும் உரிமை உண்டு என்றால் அது சலுகை.

டென்னிஸின் அமைப்பும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. கைப்பந்திலோ கூடைப்பந்திலோ தோல்வியைப் பகிர ஆள் உண்டு. டென்னிஸ் ஒற்றையரில் இல்லை. லீ நா ஆடிய காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் பேசக்கூட அனுமதி கிடையாது. 2013 ஆஸ்திரேலிய இறுதியில் அசரென்காவுக்கு எதிராக முதல் செட்டை 6-4 என்று எடுத்தார். இரண்டாவது செட்டில் கணுக்கால் பிசகி விழுந்தார். மூன்றாவதில், ஆஸ்திரேலிய தின வாணவேடிக்கைக்காக ஆட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியதும், மீண்டும் விழுந்து தலையின் பின்புறம் தரையில் மோதியது. மருத்துவர் விரலைக் காட்டிக் கண் சரியாகத் தொடர்கிறதா என்று பார்த்தார். எழுந்து ஆடினார், தோற்றார். அந்த மோதலில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. அடுத்த ஆண்டு அதே மெல்போர்னில் மூன்றாம் சுற்றில் லூசி சஃபரோவா மேட்ச் பாயிண்டில் அடித்த பந்து மயிரிழையில் கோட்டைத் தாண்டி விழுந்தது. உள்ளே விழுந்திருந்தால் கோப்பையும் இல்லை, அந்த உரையும் இல்லை. எத்தனை பேர் விதைத்திருந்தாலும், எத்தனை பேர் நீர் ஊற்றியிருந்தாலும், அந்த மயிரிழை யாருடைய முதலீடும் அல்ல. ஒரு வெற்றியை முழுக்க ஒரு கணக்குக்குள் அடக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கோப்பையோடு ஊர் திரும்பியதும் அவருடைய சொந்த மாகாணமான ஹூபேயின் அதிகாரிகள் 8 லட்சம் யுவானுக்கான மாதிரிக் காசோலையை விமான நிலையத்தில் அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. கோடீஸ்வரிக்கு எதற்கு வரிப்பணம் என்று ஒரு சாரார்; பரிசு வாங்கும்போது சிரிக்கவாவது கூடாதா என்று இன்னொரு சாரார். அன்று கொடுத்தது பரிசா, பழைய பாக்கியைப் புதுப்பிக்கும் முன்பணமா என்று யோசித்தால் அந்த முகம் புரிகிறது. கேட்காத பணத்தைக் கையில் திணித்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பது கடன் கொடுப்பதிலேயே பழைய உத்தி.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அரசு எடுத்து வளர்க்காமல் இருந்திருந்தால் வூஹானின் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் ராக்கெட்டைத் தொட்டிருப்பாரா? பெரும்பாலும் இல்லை. அவர் தனித்துப் பறக்கச் சிறகு முளைத்த கூடு அரசுடையதுதான். கதவைத் திறந்துவிட்டவரும் ஓர் அரசு அதிகாரிதான். அதே விளையாட்டுப் பள்ளிகளிலிருந்து பெயர் தெரியாமல் வெளியேறியவர்களுக்கு இந்தப் பேரமெல்லாம் வாய்க்கவில்லை. வென்றவரால் மட்டுமே பேரம் பேச முடிந்தது. கடனே இல்லை என்பது என் வாதம் அல்ல. கடன் இருந்தது, பெரும் பகுதியைப் பரிசுப் பணத்தில் 65 விழுக்காடாகவும் தசைநாராகவும் அடைத்தும் ஆயிற்று. வலது முழங்காலில் மூன்று அறுவைச் சிகிச்சை, 2014 ஜூலையில் இடது முழங்காலில் ஒன்று. செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அவருக்காகவே உருவானது என்று சொல்லத்தக்க வூஹான் ஓபன் முதன்முதலாக நடக்கச் சில நாட்களே இருந்தன. அறிவித்தபடியே அங்கே ஆடவில்லை. நன்றியை வற்புறுத்திக் கேட்பவர், அடைந்த கடனை அடையாத கடனாகக் காட்டுகிறார். வட்டிக்கடைக்காரர் ஏட்டைக் காட்ட மறுப்பதும் இதற்காகத்தான்.

2008இல் விடுவிக்கப்பட்ட நால்வரில் ஒருவர் பெங் ஷுவாய். இரட்டையரில் விம்பிள்டனும் பிரெஞ்சு ஓபனும் வென்றவர், இரட்டையர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். 2021 நவம்பரில், ஒரு முன்னாள் துணைப் பிரதமர் தன்னைப் பாலுறவுக்கு நிர்ப்பந்தித்ததாக வெய்போ சமூக ஊடகத்தில் எழுதினார். அரை மணி நேரத்துக்குள் பதிவு மறைந்தது. சில வாரங்கள் அவரையும் வெளியில் காணவில்லை. பிறகு வந்து, நான் எழுதியதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். டபிள்யூடிஏ சீனாவில் தன் போட்டிகளை நிறுத்தியது. 2023இல் திரும்பிப் போனது. தனித்துப் பறக்க விட்ட வானம் எதுவரை என்று இதில் தெரிந்தது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கலாம், பணத்தை வைத்துக்கொள்ளலாம், மேடையில் கேலி பேசலாம். பெங் ஷுவாய் பின்னர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்பது இப்போதும் கேள்வியாகவே நிற்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நாம் முடிவு செய்ததால் அல்ல. வேறு விதமாகச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்பது தெரியாததால்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெங் சின்வென் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். டென்னிஸ் ஒற்றையரில் ஆசியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். அவரும் ஹூபே மாகாணத்துப் பெண். லீ நாவைப் பார்த்து வளர்ந்ததாகச் சொல்பவர். அந்தப் போட்டியின்போது, நாட்டுக்காக இன்னும் மூன்று மணி நேரம் ஆடச் சொன்னாலும் ஆடுவேன் என்றார். லீ நா மெல்போர்னில் வாயைத் திறந்து சொல்லாததை ஜெங் கேட்காமலே சொன்னார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நாட்டுக்கு நன்றி சொல்லும் வீராங்கனையை நம்ப வேண்டுமென்றால், அதைச் சொல்லாமல் விட்ட வீராங்கனையும் கோப்பையோடு ஊர் திரும்பி வாழ முடிந்திருக்க வேண்டும். லீ நா ஊர் திரும்பினார், சிரிக்காமல் படத்துக்கு நின்றார், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானார், 2019இல் டென்னிஸின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஆசிய வீராங்கனையானார். ஜெங்கின் வாக்கியத்துக்கு மதிப்பு வருவது அதனால்தான். மறுக்க முடியாத இடத்தில் சொல்லும் நன்றி வெறும் வரி. லீ நா அதைச் செலுத்த மறுத்ததில்தான் அடுத்தவருக்கு நன்றி சொல்லும் உரிமை பிறந்தது.